இங்க் பாட்டில்ல ஏதோ படலம் மிதக்குது, பூஞ்சையா? பேனாவையாவது காப்பாத்த முடியுமா?

நீலக்கறை:

வணக்கம் மக்களே, கொஞ்சம் அவசரம். என்கிட்ட ஒரு ஊதா இங்க் இருக்கு, 50 மில்லி கண்ணாடி பாட்டில், முக்கால்வாசி அப்படியே இருக்கு. அந்தக் கலரையே கம்பெனி நிறுத்திட்டாங்க, இனிமே கிடைக்காதுன்னு சிக்கனமா வச்சிருந்தேன், அதனாலயே பல மாசமா திறக்கவும் இல்ல. இன்னைக்கு பவுண்டன் பேனாவுக்கு ஊத்தலாம்னு மூடியைத் திறந்தா மேல பாலாடை கட்டின மாதிரி மெல்லிசா ஒரு படலம். சாதாரணமா இங்க் மேல தெரியுற பளபளப்பு இல்ல, மங்கலா இருக்கு, ஒரு ஓரத்துல சாம்பல் கலர்ல சின்னதா ஒரு திட்டு வேற. பல் குத்துற குச்சியை விட்டுக் கிளறிப் பார்த்தேன், வெளிய எடுக்கும்போது குச்சியோட சேர்ந்து நூல் நூலா வழுவழுன்னு வருது. பாட்டிலை மூடி நல்லா குலுக்கியும் பார்த்துட்டேன், படலம் துண்டு துண்டா உடையுதே தவிர கரையல.

வாசனையும் சரியில்ல, புதுசா இருந்தப்போ லேசா மருந்து நெடி அடிக்கும், இப்போ ஈரத்துணியை மூலையில போட்டு மறந்தா வருமே அந்த முடை நாத்தம்.

இதே இங்க் ஊத்துன ஒரு பிஸ்டன் பேனாவும் (பாடிக்குள்ளேயே திருகி இங்க் உறிஞ்சுறது) ஒரு கன்வெர்ட்டர் பேனாவும் (கழட்டி மாட்டுற சின்ன இங்க் குழாய் வச்சது) இன்னும் நிரம்பியே இருக்கு. பிஸ்டன் பேனா கொஞ்ச நாளாவே விட்டு விட்டு எழுதுது, நான் பேப்பர்தான் சரியில்லன்னு நினைச்சுட்டு இருந்தேன். அதே பிஸ்டன் பேனாவை வேற ரெண்டு பாட்டில்லயும் முக்கியிருக்கேன்.

கேள்வி இதுதான். இது நிஜமாவே பூஞ்சையா, இல்ல சாயம் படிஞ்சதா? பூஞ்சைன்னா வடிகட்டி யூஸ் பண்ண ஏதாவது வழி இருக்கா, கிடைக்காத கலர், தூக்கிப் போட மனசு வரல. பேனா ரெண்டையும் எப்படி சுத்தம் பண்றது? பக்கத்துல இருக்குற மத்த பாட்டில்களுக்கும் பரவியிருக்குமா?

நிப்புக்கிறுக்கு:

நீங்க சொல்ற அடையாளத்தை வச்சுப் பார்த்தா 99 சதவீதம் பூஞ்சைதான், ஆனாலும் இதைப் படிக்குற மத்தவங்க பயந்துபோய் நல்ல இங்க்கை எல்லாம் கொட்டிடக் கூடாதுங்குறதுக்காக வித்தியாசத்தைச் சொல்லிடறேன்.

சாயம் படிஞ்சா அது அடியில படியும், தூள் தூளா இருக்கும், குலுக்கினா பாதியாவது கலையும், பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணில கொஞ்ச நேரம் வச்சு லேசா ஆட்டினா பெரும்பாலும் கரைஞ்சே போயிடும். ஷிம்மர் இங்க்ல மினுமினுப்புத் துகள் அடியில உக்காருறது அதோட பிறவி குணம், கரையாத கலர்த்தூள் கலந்த பிக்மெண்ட் இங்க்கும் அப்படித்தான், அதையெல்லாம் கெட்டுப்போச்சுன்னு சொல்ல முடியாது. பாட்டில் கழுத்துலயும் மூடி மரையிலயும் பச்சையோ தங்கக்கலரோ அடிச்சு ஒட்டிக்கிட்டு இருக்குறது ஷீன் இங்க் (காய்ஞ்சதும் வேற கலர்ல பளபளக்குறது) காய்ஞ்சு படிஞ்ச சாயம், ஈரத்துணியால துடைச்சா போயிடும்.

பூஞ்சை அப்படி இல்ல, அதுக்குக் காத்து வேணும், அதனால மேல்பரப்புலதான் முதல்ல குடித்தனம் பண்ணும், இல்லன்னா கண்ணாடியும் இங்க்கும் சேருற அந்தக் கோட்டுல வட்டமா ஒட்டும். இழுத்தா நூலா வரும், குலுக்கினா உடையும் ஆனா கரையாது. சந்தேகமா இருந்தா ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டுல ரெண்டு சொட்டு விட்டு குச்சியால கோடு இழுங்க, சுத்தமான இங்க் கண்ணாடி மாதிரி ஓடும் சளியா இழுபடாது, பூஞ்சை இங்க்ல நார் நாரா ஏதாவது குச்சி பின்னாடியே வரும். டார்ச்சைப் பக்கவாட்டுல அடிச்சுப் பாருங்க, அடர்த்தியான கலர்லகூட மிதக்குறது தெரியும்.

இன்னொன்னு முக்கியம், மூடியைத் திருப்பி உள்பக்கம் பாருங்க. உள்ள அட்டையோ ஃபோமோ வட்டமா ஒட்டியிருக்கும் பாருங்க, பல சமயம் பூஞ்சை தொடங்குறதே அங்கதான், அது எப்பவும் ஈரமாவே இருக்கும், இங்க்குக்குள்ள மருந்து இருந்தாலும் அந்த அட்டைல அவ்வளவா இருக்காது.

கடைசியா ஒன்னு, ரெண்டு வேற வேற இங்க்கைக் கலந்தாலும் சில சமயம் ஜெல்லு மாதிரி கட்டிக்கும், அது பூஞ்சை இல்ல, ரெண்டோட பிஎச் (அமில, காரத்தன்மை) ஒத்துப்போகாம சாயம் திரிஞ்சுபோறது. அது கலந்த கொஞ்ச நேரத்துலயோ ஒன்னு ரெண்டு நாள்லயோ நடக்கும், முடை நாத்தமும் இருக்காது. நீங்க கலக்கலன்னு நினைக்குறேன்.

குப்பைக்கூடை:

தூக்கிப் போடுங்க ப்ரோ. அவ்வளவுதான் பதில். கிடைக்காத கலர் அது இதுன்னு யோசிச்சீங்கன்னா கிடைக்காத பேனாவும் சேர்ந்து போகும். இங்க்கோட சாவுக்குப் பேனாவை உடன்கட்டை ஏத்தாதீங்க.

வேதிவால்:

குப்பைக்கூடை சொன்னது முரட்டுத்தனமா இருந்தாலும் சரிதான், ஏன் சரின்னு கொஞ்சம் சொல்றேன், ஏன்னா காரணம் தெரியாம இருந்தா மனசு வடிகட்டுற பக்கமே போகும்.

பவுண்டன் பேனா இங்க்ங்குறது முக்காலே மூணுவீசம் தண்ணி. அதுல சாயம், சீக்கிரம் காயாம இருக்க கிளிசரினோ கிளைக்காலோ, நல்லா ஓடுறதுக்குக் கொஞ்சம் சோப்புத்தன்மை உள்ள பொருள், அப்புறம் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் எதிரா துளியூண்டு மருந்து. கிளிசரின் எல்லாம் பூஞ்சைக்கு நல்ல தீனி, கூடவே நம்ம நிப்போட போற பேப்பர் நாரு, விரல் எண்ணெய், தூசி. ஆக அந்த மருந்து மட்டும்தான் காவல். அந்தக் காலத்து இங்க்ல ஃபீனால் போடுவாங்க, உங்க பாட்டில்ல முன்னாடி வந்த மருந்து நெடியும் அந்த வகையா இருக்கலாம். ஃபீனால் விஷம், தோல்ல பட்டா பொத்துப்போகும், அதனால பல கம்பெனிங்க அதை விட்டுட்டு ஐசோதையசோலினோன் வகை மருந்துக்கு மாறிட்டாங்க. அது ரொம்ப கம்மி அளவுலயே வேலை செய்யும், ஆனா சூட்டுலயும் காரத்தன்மை கூடுன இங்க்லயும் மெதுவா சிதைஞ்சு பலம் குறையும். பூஞ்சை பூத்துருச்சுன்னாலே அர்த்தம் என்னன்னா உங்க பாட்டில்ல அந்தக் காவல் தீந்துபோச்சு.

இப்போ வடிகட்டுறதுக்கு வாங்க. காபி ஃபில்டர் பேப்பரோ துணியோ போட்டா கண்ணுக்குத் தெரியுற நாரு நிக்கும், ஸ்போர், அதாவது பூஞ்சையோட விதை மாதிரி துகள், நிக்காது, ஏன்னா ஸ்போர் சில மைக்ரான்தான், பேப்பரோட ஓட்டை அதைவிடப் பெருசு. லேப்ல கிருமி நீக்க 0.22 மைக்ரான் ஃபில்டர் இருக்கு, சிரிஞ்சு முனைல மாட்டுறது, அது ஸ்போரை நிறுத்தும்தான், ஆனா நாரு நிறைஞ்ச இங்க்கை அதுல தள்ளினீங்கன்னா ரெண்டு மில்லி போறதுக்குள்ள அடைச்சுக்கும், பிக்மெண்ட் இங்க்கா இருந்தா கலரே ஃபில்டர்லதான் இருக்கும். அப்படியே முழுசா வடிச்சாலும் காவல் இல்லாத இங்க்தான் கைல இருக்கும், அடுத்த தடவை மூடியைத் திறக்கும்போது காத்துல இருந்து புதுசா ஒரு ஸ்போர் விழுந்தா கதை மறுபடி முதல்ல இருந்து.

சூடு பண்ணலாமான்னு கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன், மைக்ரோவேவ்ல வச்சா தண்ணி ஆவியாகி இங்க் கெட்டியாகும், பாட்டிலும் விரிசல் விடலாம், செத்த பூஞ்சை உள்ளேயே கிடக்கும். ஃப்ரீசர்ல வச்சா பூஞ்சை தூங்கும், சாகாது. இங்க்குல ப்ளீச் ஊத்தினா பூஞ்சையோட சேர்ந்து கலரும் செத்துரும், ஊதா போய் அழுக்குத்தண்ணி ஆயிடும். அதுவும் அயர்ன் கால் இங்க்கா (இரும்பு உப்பும் மாசிக்காய்ச் சாறும் சேர்த்துச் செய்யுறது) இருந்தா அது அமிலம், அதுல ப்ளீச் பட்டா குளோரின் வாயு கிளம்பும், தயவுசெஞ்சு யாரும் முயற்சி பண்ணாதீங்க.

லவங்கம்:

எல்லாரும் ஒரேயடியா பயமுறுத்துறீங்க. நான் ஒரு தடவை இதே மாதிரி ஆன இங்க்கை மெல்லிய துணில வடிகட்டி ஒரு சொட்டு லவங்க எண்ணெய் விட்டு வச்சேன், இன்னைக்கும் எழுதிட்டுதான் இருக்கேன், ஒன்னும் ஆகல. பழைய காலத்து மை செய்முறைலயே லவங்கம் போடச் சொல்லியிருக்காங்க, அவங்க என்ன முட்டாளா?

வேதிவால்:

முட்டாள் இல்லீங்க, கெட்டிக்காரங்கதான். லவங்கத்துல யூஜினால் இருக்கு, அது பூஞ்சையை அடக்கும், உண்மைதான். ஆனா அவங்க எழுதுனது இறகுலயும் தொட்டு எழுதுற நிப்லயும். மையில நாரு இருந்தா இறகைத் துடைச்சுட்டு மறுபடி முக்குவாங்க, அடைக்குறதுக்கு அங்க ஃபீடே கிடையாது. நம்ம பேனால நிப்புக்கு அடில இருக்குற ஃபீட்ல இங்க் போற கோடு தலைமுடி அளவுதான், அதுல எண்ணெய் பிசுக்கு ஒட்டினா இங்க் பிடிக்காம ஓட்டம் விட்டு விட்டு வரும். லவங்க எண்ணெய் தண்ணியில சரியா கரையவும் செய்யாது, தண்ணியைவிடக் கனம், அடியில போய் தங்கிடும். உங்களுக்கு ஓடுதுன்னா சந்தோஷம், அந்தப் பேனாவை மட்டும் வேற பாட்டில்ல முக்காதீங்க.

சும்மா ஒரு தகவல், மை வரலாற்றுல பூஞ்சை எப்பவும் வில்லன் இல்ல. அயர்ன் கால் மை செய்ய மாசிக்காய் ஊறுன தண்ணியைச் சில செய்முறைல வேணும்னே பூஞ்சை பிடிக்க விடுவாங்க, பூஞ்சை டானினை உடைச்சு காலிக் அமிலமா மாத்தும், மை இன்னும் கருப்பா வரும். 1786ல ஷீலேங்குற வேதியியல்காரர் காலிக் அமிலத்தைப் பிரிச்சு எடுத்ததே மாசிக்காய்க் கஷாயத்தைப் பூஞ்சை பிடிக்க விட்டுத்தான். நமக்கு அது உதவாது, ஆனா தெரிஞ்சு வச்சுக்கலாம்.

நீலக்கறை:

அடேங்கப்பா, நன்றி எல்லாருக்கும். தட்டுல கோடு இழுத்துப் பார்த்தேன், நார் வருது. மூடியோட அட்டையில வெள்ளையா பஞ்சு மாதிரி ஓரமா சுத்தி இருக்கு, நிப்புக்கிறுக்கு சொன்ன இடமேதான். சரி, பாட்டில் போச்சு, ஒத்துக்கறேன். இப்போ பேனா. பிஸ்டன் பேனா நிப் கழட்ட வருது, ஃபீட் பிளாஸ்டிக்கா, இல்ல எபோனைட்டுங்குற கெட்டி ரப்பரான்னு எனக்குத் தெரியல. கன்வெர்ட்டர் பேனா சாதாரண ஸ்டீல் நிப்.

பழம்பேனா:

பேனா விஷயத்துக்கு நான் வர்றேன், பழைய பேனா ரிப்பேர் பண்றது என்னோட பொழுதுபோக்கு, இந்தக் கேஸ் நிறைய பார்த்தாச்சு.

முதல்ல அந்த இங்க்கை பாட்டிலுக்குத் திருப்பி ஊத்தாம ஏதாவது பழந்துணியில பிழிஞ்சு விடுங்க, துணியை கவர்ல கட்டிக் குப்பைல போடுங்க. கன்வெர்ட்டரைக் கழுவுறதுல நேரம் செலவழிக்காதீங்க, அது மாத்துற பொருள்தான், தூக்கிப் போட்டுட்டு புதுசு போடுங்க. கன்வெர்ட்டருக்குள்ள இருக்குற ரப்பர் சீலுக்குப் பின்னாடி இங்க் போய் ஒளிஞ்சுக்கும், அதைக் கழுவவே முடியாது.

அப்புறம் வெறும் தண்ணி. அவசரப்பட்டு முதல்லயே கெமிக்கலுக்குப் போகாதீங்க. கலர் வராத வரைக்கும் சாதாரண சூடில்லாத தண்ணில இழுத்து இழுத்து விடுங்க, சின்ன ரப்பர் பல்பு இருந்தா அதுல ஃபீட்டுக்குள்ள வேகமா அடிங்க. நிப்பும் ஃபீட்டும் கழண்டு வந்தா கழட்டிடுங்க, ஃபீட்டைத் திருப்பிப் பாருங்க, சீப்புப் பல்லு மாதிரி இருக்குற அந்த வெட்டுகளுக்கு நடுவுலதான் சளி சிக்கியிருக்கும், மெல்லிய பல் பிரஷ்ஷால நீளவாக்குல தேயுங்க, ஊசி கீசி விட்டு நோண்டாதீங்க, கோடு அகலமாச்சுன்னா அப்புறம் ஆயுசுக்கும் இங்க் கொட்டும்.

அதுக்கப்புறம் வீட்டு அம்மோனியா ஒரு பங்கு, தண்ணி ஒன்பது பங்கு, பாத்திரம் கழுவுற திரவம் ஒரே ஒரு சொட்டு, இதுல ஃபீட்டையும் விரல் வச்சுப் பிடிக்குற முன்பக்க செக்‌ஷனையும் கொஞ்ச நேரம் ஊற வைங்க. இது காய்ஞ்ச சாயத்தையும் பிசுக்கையும் பிரிச்சு விடும். ஆனா இது பூஞ்சையைக் கொல்லும்னு நம்பி நிறுத்திடாதீங்க, இது அழுக்கு எடுக்குற வேலை மட்டும்தான். நல்லா அலசணும், வாசனை சுத்தமா போற வரைக்கும் அலசணும், ஏன்னா அடுத்து வர்றது ப்ளீச், அம்மோனியா மிச்சம் இருக்குறப்போ ப்ளீச் பட்டா குளோரமின் வாயு வரும், அது நுரையீரலைப் புண்ணாக்கும். வினிகரும் ப்ளீச்சும் சேர்ந்தா குளோரின் வாயு, அதுவும் ஆபத்துதான். ஒன்னை முழுசா அலசாம இன்னொன்னைக் கையில எடுக்காதீங்க, முடிஞ்சா ரெண்டையும் வேற வேற நாள்ல பண்ணுங்க, ஜன்னலைத் திறந்து வைங்க.

ப்ளீச்சும் வாசனை கலக்காத சாதா ப்ளீச்சா இருக்கணும், ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணி. பிளாஸ்டிக் ஃபீட்டும் பிளாஸ்டிக் செக்‌ஷனும் மட்டும் ஒரு 10 நிமிஷம், அதுக்கு மேல வேண்டாம். நிப்பைப் போடாதீங்க, ஸ்டீல் நிப்ல ப்ளீச் புள்ளி புள்ளியா அரிக்கும், தங்க நிப்னாலும் அதுல கலந்துருக்குற செம்புக்கும் வெள்ளிக்கும் அது ஆகாது. நிப்பை சோப்புத்தண்ணில தேய்ச்சு அலசினாலே போதும், வழவழப்பான உலோகத்துல ஒட்டுன பூஞ்சை தேய்ச்சா வந்துரும். நடுவுல இருக்குற பிளவுல மட்டும் மெல்லிய தகடோ பேப்பரோ விட்டு ஒரு இழுப்பு இழுங்க.

உங்க பிஸ்டன் பேனாதான் யோசிக்க வேண்டியது. ஃபீட் எபோனைட்டா இருந்தா ப்ளீச்சும் வேண்டாம், கொதிக்குற தண்ணியும் வேண்டாம், அம்மோனியாலயும் ரொம்ப நேரம் போடக் கூடாது, எபோனைட் பழுப்பாகும், சூட்டுல வளையும். கண்டுபிடிக்க ஒரு வழி, ஃபீட்டை ஈரமா விரல்ல தேய்ச்சு முகர்ந்து பாருங்க, லேசா ரப்பர் நெடி வந்தா எபோனைட். தெரியலன்னா எபோனைட்னே வச்சுக்கோங்க, நஷ்டம் இல்ல. அதுக்கு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் தண்ணியில பாதிக்குப் பாதி கலந்து சில நிமிஷம் மட்டும் வச்சு அலசுறேன் நான், சாஃப்டான வழி. பாடி செல்லுலாய்டோ (பழைய காலத்து பிளாஸ்டிக்) கேசினோ (பால் புரதத்துல செஞ்ச பிளாஸ்டிக்), இல்ல உள்ள இங்க் நிரப்ப ரப்பர் சாக் (பை) வச்ச பழைய பேனாவோன்னா எந்தக் கெமிக்கலும் உள்ள ஊத்தாதீங்க, கேசின் தண்ணியிலயே ஊதிப்போகும்.

ஸ்பிரிட், சானிடைசர் ரெண்டும் வேண்டவே வேண்டாம். பூஞ்சை சாகும், அது சரி, ஆனா அக்ரிலிக் பாடில மெல்லிய விரிசலா வலை பின்னிடும், செல்லுலாய்டு இளகிடும். பாக்க சாதாரணமா இருக்கும், வெளிச்சத்துல பிடிச்சா அழுகை வரும்.

கண்டதும்கேள்வி:

இடையில ஒரு சந்தேகம், அல்ட்ராசோனிக் கிளீனர்ல (ஒலி அதிர்வால கழுவுற தொட்டி) போட்டா இதெல்லாம் தேவையில்லையே?

பழம்பேனா:

அது சந்துல இருக்குற அழுக்கை உதிர்க்கும், பூஞ்சையைக் கொல்லாது. உதிர்ந்தது எல்லாம் அந்தத் தொட்டித் தண்ணிலதான் இருக்கும், அடுத்த பேனாவை அதே தண்ணில போட்டா பரிமாறுன மாதிரி. போடணும்னா தனியா சின்ன கிளாஸ்ல வச்சு அந்த கிளாஸைத் தொட்டில இறக்குங்க, தண்ணியை ஒவ்வொரு தடவையும் கொட்டுங்க.

அலசி முடிச்சதும் பாகங்களைத் தனித்தனியா வச்சு நல்லா காய விடுங்க, நிப் கீழ பார்க்க டிஷ்யூ மேல நிறுத்தினா உள்ள இருக்குற ஈரத்தை டிஷ்யூ உறிஞ்சும். முழுசா காய்ஞ்சதுக்கு அப்புறம் முதல் தடவை உங்ககிட்ட இருக்குறதுலயே சாதாரணமான, திரும்பக் கிடைக்கக்கூடிய ஒரு இங்க்கைக் கொஞ்சமா சிரிஞ்சுல எடுத்து ஊத்துங்க, பாட்டில்ல முக்காதீங்க. சில வாரம் எழுதி, ஓட்டம் ஒரே சீரா இருந்து, ஃபீட்ல சளி தெரியலன்னா பேனா பிழைச்சுருச்சு.

நிப்புக்கிறுக்கு:

பழம்பேனா எல்லாம் சொல்லிட்டாரு. நான் மீதி பாட்டில்களைப் பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா உண்மையான ஆபத்து அங்கதான் இருக்கு.

ஒரே அலமாரில பக்கத்துல பக்கத்துல இருந்ததால மூடின பாட்டிலுக்குள்ள பூஞ்சை நடந்து போகாது. அது போறது நிப் வழியா, சிரிஞ்சு வழியா, பில்லர் வழியா, மிச்ச இங்க்கைத் திரும்ப ஊத்துறது வழியா. அதனால எந்தெந்த பாட்டில்ல அந்தப் பிஸ்டன் பேனா முங்கிச்சோ அது மட்டும் சந்தேகக் கேஸ். அந்த ரெண்டையும் தனி டப்பால வைங்க, அதுல இருந்து எந்தப் பேனாவுக்கும் ஊத்தாதீங்க, வாரத்துக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து டார்ச் அடிச்சுப் பாருங்க. அதுல மருந்து இன்னும் பலமா இருந்தா உள்ள விழுந்த ஸ்போர் முளைக்காமலே போயிடும், நிறைய சமயம் அப்படித்தான் நடக்கும், அதனால இப்பவே கொட்ட வேண்டாம். ரெண்டு மூணு மாசம் தெளிவா இருந்தா சேர்த்துக்கலாம்.

அந்த ரெண்டுல ஏதாவது ஒன்னுல தண்ணி கலந்து நீர்க்க வச்சிருக்கீங்களா? அப்படின்னா அதைக் கூடுதலா கவனிங்க. கலர் கெட்டியா இருக்கு, ஷீன் ஜாஸ்தியா இருக்குன்னு நிறைய பேர் பாட்டில்லயே தண்ணி ஊத்திடறாங்க, சாயம் மட்டும் நீர்க்கறது இல்லையே, மருந்தும்தான் நீர்க்குது. நீர்க்கணும்னா சின்ன வயல்ல (மூடி போட்ட குட்டி பாட்டில்) ஒரு தடவை பேனாவை நிரப்புற அளவு மட்டும் எடுத்து டிஸ்டில்டு வாட்டர்ல நீர்க்கணும், தீர்ந்ததும் வயலைக் கழுவணும்.

இனிமே பாட்டில்ல நேரா முக்குற பழக்கத்தையே விட்டுடுங்கன்னுதான் நான் சொல்வேன், சிலருக்குப் பிடிக்காது, பாட்டில்ல நிப்பை முக்கி பிஸ்டனைத் திருகுறதுலதான் சுகமேன்னு சொல்வாங்க, எனக்கும் புரியுது. ஆனா விலை கூடுன, நிறுத்திப்போன கலருக்கு மட்டுமாவது கழுவிக் காயவச்ச சிரிஞ்சுல 5 மில்லி வயலுக்கு எடுத்து அதுல இருந்து நிரப்புங்க, வயல்ல மிச்சம் இருந்தா திரும்ப ஊத்தாம எழுதித் தீர்த்துடுங்க. போனா 5 மில்லியோட போகும்.

வேதிவால்:

மூக்கை பாட்டில் வாய்க்குள்ள விட்டு முகர்ந்து பார்க்குறதை மட்டும் இனிமே பண்ணாதீங்க நீலக்கறை. ஆஸ்துமா, அலர்ஜி இருக்குறவங்களுக்கு ஸ்போர் ஆகாது. வாசனை தெரியணும்னா பாட்டிலைத் தள்ளி வச்சு கையால காத்தை நம்ம பக்கம் விசிறணும், லேப்ல அப்படித்தான் சொல்லிக்கொடுப்பாங்க. பழைய ஃபீனால் இங்க்குக்கும் அதே விதிதான்.

இன்னொன்னு, யாராவது ஃபீனால் வாங்கி இங்க்ல ஊத்துற யோசனைல இருந்தா அதை விட்டுடுங்க. வீட்டு மேசைல அளந்து ஊத்துற சரக்கு இல்ல அது. இங்க்குக்குன்னே தயாரிச்ச பயோசைடு (பூஞ்சை, கிருமியைக் கொல்லுற மருந்து) சின்ன பாட்டில்ல விக்கிறாங்க, நல்லா இருக்குற இங்க்குக்கு, அதுவும் நீர்க்க வச்ச இங்க்குக்கு முன்ஜாக்கிரதையா அதுல போட்டிருக்குற அளவுல கலக்கலாம், கையுறை போட்டுக்கோங்க, ஐசோதையசோலினோன் தோல்ல பட்டா சிலருக்கு அலர்ஜி நிரந்தரமாவே ஒட்டிக்கும். பூஞ்சை பூத்த பிறகு கலந்தா செத்த பூஞ்சையோட நாரு அப்படியே மிதக்கும், அடைப்பு அடைப்புதான்.

நீலக்கறை:

கன்வெர்ட்டரைத் தூக்கிப் போட்டுட்டேன். அந்தப் பேனா ஃபீட் கழண்டுச்சு, பழம்பேனா சொன்ன மாதிரியே வெட்டுக்கு நடுவுல ஊதாவா ஒரு சளி, பிரஷ்ஷால தேய்க்கும்போது முழுசா ஒரு இழையா உருண்டு வந்துச்சு, பார்க்கவே குமட்டுது. பிஸ்டன் பேனா ஃபீட்ல ரப்பர் நெடி வருது, அதனால ப்ளீச் இல்லாம பெராக்சைடு வழியாவே போறேன். சந்தேக பாட்டில் ரெண்டுல ஒன்னுல தண்ணி கலந்திருக்கு, அதைத் தனியா வச்சுட்டேன்.

ரெண்டே ரெண்டு கேள்வி மிச்சம் இருக்கு. இந்த இங்க்ல எழுதுன நோட்டுக்கு ஏதாவது ஆகுமா? அப்புறம் பாட்டில் ரொம்ப அழகு, கண்ணாடியை மட்டும் கழுவி வேற இங்க் ஊத்தி வச்சுக்கலாமா?

நிப்புக்கிறுக்கு:

நோட்டு காய்ஞ்சு இருக்குற வரைக்கும் பயம் இல்ல. பேப்பர்ல பூஞ்சை வளர காத்துல ஈரப்பதம் கூடணும், 65 சதவீதத்துக்கு மேல தொடர்ந்து இருந்தாத்தான் பிரச்சனை, அது எந்த இங்க்ல எழுதினாலும் அதே பிரச்சனைதான். நோட்டை பிளாஸ்டிக் கவர்ல இறுக்கிக் கட்டாம காத்தாட அடுக்குல நிறுத்தி வைங்க.

பழம்பேனா:

கண்ணாடியைத் தாராளமா வச்சுக்கலாம். இங்க்கை முழுசா எடுத்து, சோப்புப் போட்டு கழுவி, அலசிட்டு, மேல சொன்ன அளவு ப்ளீச் தண்ணியை கழுத்து வரைக்கும் நிரப்பி 10 நிமிஷம், அப்புறம் நிறைய தண்ணில அலசி தலைகீழா கவுத்து ரெண்டு மூணு நாள் காய விடுங்க. ப்ளீச் வாடை துளி இருந்தாலும் அடுத்து ஊத்துற இங்க்கோட கலர் வெளுக்கும்.

மூடி மட்டும் வேண்டாம். அந்த அட்டையை எத்தனை தடவை ஊற வச்சாலும் உள்ள இருக்குறது போகாது. அட்டையைப் பேத்து எடுத்துட்டு பிளாஸ்டிக் மூடியைக் கழுவி, அளவா வெட்டுன புது ஃபோம் ஷீட்டோ சிலிக்கான் ஷீட்டோ வச்சுக்கோங்க, இல்லன்னா அதே மரை அளவுல வேற மூடி கிடைச்சா இன்னும் நல்லது. ஊத்தினதும் ஒரு ராத்திரி பாட்டிலைப் படுக்க வச்சு டிஷ்யூ மேல விட்டுப் பாருங்க, கசியலன்னா நிமிர்த்தி அலமாரில ஏத்துங்க.